தடுப்பூசி ஃப்ரிட்ஜின் அடித்தட்டு

எங்கள் சுகாதார நிலையத்தில் ஃப்ரிட்ஜ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீட்டில் இருப்பது போலக் கதவு வைத்தது அல்ல. மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் பெட்டி. உள்ளே கம்பிக் கூடைகள், கூடைகளில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகள். தடுப்பூசியைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்று மூடியின் மேல் தாள் ஒட்டியிருந்தது. காலையும் மாலையும் உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். எங்கள் மூத்த நர்ஸ் விடுமுறை நாளில்கூட வந்து எழுதிவிட்டுப் போவார். அவருடைய பன்னிரண்டு வருட உழைப்பு அந்தப் பெட்டி. அதற்குள் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தாதான். அப்பா துறைமுகத்தில் வேலை கிடைத்து திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். அவர் இறந்துபோன பிறகும் அம்மாவும் நானும் டாக்குரியாவிலேயே இருந்துவிட்டோம். வீட்டில் அம்மாவின் தமிழ், வெளியே வங்காளம், ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் என்று மூன்றிலும் ஓடுகிறவள் நான். டாக்டருக்குப் படித்து, இரண்டு தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்துச் சலித்து, கிடர்பூரில் ஒரு வார்டு சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நிலையம் என்றால் இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். வாசலில் எப்போதும் ஏதாவது ஒரு லாரி வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

கர்ப்பிணிகள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு அறைகளுக்கும் தெரியும். குழந்தைக்கு ஊசி, மழைக்காலத்தில் டெங்கு, காசநோய்க்காரருக்கு மருந்து, எல்லாம் தடம் போட்டது போல நடக்கும். சுகரும் பிரஷரும் உள்ளவர்கள் வந்தால்தான் நாங்கள் தடுமாறுவோம். மாத்திரை ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. இருப்பதைப் பகிர்ந்து ஏழு ஏழு நாளுக்குக் கொடுப்போம். கைவண்டி இழுக்கிறவர் ஏழாம் நாள் மறுபடி வந்து வரிசையில் நின்றால் அரை நாள் வேலை போகும். இரண்டு தடவை வருவார், மூன்றாம் தடவை வரமாட்டார். பிரஷர் மிஷினின் கைப்பட்டையில் ஒட்டும் பகுதி தேய்ந்துபோயிருந்ததால், நான் காற்றடிக்கும்போது நர்ஸ் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"காய்ச்சல்காரன் மூணு நாள்ல போயிடுவான் மேடம்," என்று ஒரு தடவை சொன்னார். "சுகர்காரங்க வந்தா போகவே மாட்டாங்க. சாகிற வரைக்கும் நம்ம ஆளுங்க."

அவரை நான் தீதி என்று கூப்பிடுவேன், வங்காளத்தில் அக்கா. வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர். அவர் என்னை மேடம் என்பார்.

ஏப்ரலில் ஒரு நாள், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் கையில் பாலித்தீன் பையோடு வந்து நின்றார். பக்கத்துச் சந்தில் வீட்டிலேயே மிஷின் போட்டுக் குழந்தைகளின் கவுன் தைப்பவர். சந்தில் எல்லோரும் அவரைக் காலா என்றுதான் அழைத்தார்கள், உருதுவில் சித்தி. நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். காலில் புண் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்திருந்தார். இனி மாத்திரை போதாது, தினம் இரண்டு வேளை இன்சுலின் என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு மூன்று குப்பிகளைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"இதை ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொன்னாங்க டாக்டர் தீதி," என்றார். "எங்கிட்ட ஃப்ரிட்ஜ் இல்ல. இத்தனை நாள் பக்கத்து வீட்டுல வச்சிருந்தேன். அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உங்ககிட்ட பெரிசா ஒண்ணு இருக்கில்ல?"

தீதி நான் வாயைத் திறக்கும் முன்பே, "அதுல வைக்க முடியாது," என்றார்.

காலாவின் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஒரே ஜன்னல், மே மாதத்தில் உள்ளே போனால் மூச்சு முட்டும். உபயோகத்தில் இருக்கும் ஒரு குப்பியை ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துச் சமாளிக்கலாம். மற்ற இரண்டும் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும்.

காலா போன பிறகு, மதியம் தாழ்வாரத்தில் வைத்து தீதியிடம் பேசினேன்.

"கூடையில ஒரு ஓரமா ரெண்டு குப்பி. யாருக்கு என்ன நஷ்டம்?"

"மேடம், அந்தப் பொட்டியை ஒரு நாளைக்கு நாலு தடவை கூடுதலா திறந்தா உள்ள சூடு ஏறும். ஊசி கெட்டா குழந்தைங்களுக்குப் போடறது வெறும் தண்ணி. விதியைச் சும்மா எழுதலை."

"பத்து நாளைக்கு ஒரு தடவைதான் எடுப்பாங்க."

 அவர் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு குறையுமில்லாமல் போயிற்று. மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குப்பிகளைக் காலா கொண்டுவந்து தருவார். பத்து நாளைக்கு ஒரு தடவை வருவார், மேல்கூடையிலிருந்து ஒரு குப்பி எடுத்துக் கொடுப்பேன். அவருடைய கால் புண் ஆறி மேல்தோல் வந்தது. சுகர் இறங்கியது. நிலையத்துக்கு வரும் சுகர் ஸ்ட்ரிப்புகள் தீர்ந்துபோன நாட்களில் அம்மாவின் சுகர் மிஷினை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பேன். அம்மாவும் சுகர்காரிதான். ஒரு நாள் காலை அவளே தேடிக் காணாமல் சத்தம் போட்டாள்.

"ஏளா, என் மிஷின எங்க கொண்டுபோன? ஊருக்கெல்லாம் பாக்குத, பெத்தவளுக்குப் பாக்க மாட்டியா?"

சாயங்காலம் கரியாஹாட் கடைத்தெருவில் இறங்கி அம்மாவுக்கு இன்னொரு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். பழையது என் பையிலேயே தங்கிவிட்டது.

ஜூனில் ஒரு கடிதம் வந்தது. நாள்பட்ட நோய்களைக் கவனிக்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் எந்த அளவுக்குத் தயாராக இருக்கின்றன என்று பார்க்க, செவ்வாய்க்கிழமை ஒரு குழு வருகிறது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன். கைப்பட்டை, ஸ்ட்ரிப், ஏழு நாள் மாத்திரை, இன்சுலின் வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். திங்கட்கிழமை மதியம்தான் பொறி தட்டியது. குழு வந்தால் தடுப்பூசிப் பெட்டியையும் திறப்பார்கள். மேல்கூடையிலேயே காலாவின் இரண்டு குப்பிகள் உட்கார்ந்திருந்தன.

தீதி அன்று சந்துகளில் குழந்தைகளுக்கு ஊசி போடப் போயிருந்தார். நான் மூடியைத் திறந்து, கூடைகளைத் தூக்கி, இரண்டு குப்பிகளையும் பெட்டியின் அடியில் படுக்கவைத்து, கூடைகளை மறுபடி அவற்றின் மேல் இறக்கினேன். ஒரு நிமிஷ வேலை. அந்த மாதிரிப் பெட்டியில் அடித்தட்டுதான் உறையும் குளிர் என்பது நான் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதும்கூட. அந்த ஒரு நிமிஷத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. என் மனசு முழுக்க, யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை குழு வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். கையில் டேப்லெட்டோடு என்னைவிட இளையவர் ஒருவர், உடன் ஒரு பெண்.

"பிரஷர் பார்க்கிற மிஷின் இருக்கா?"

"இருக்கு. ஆனா கைப்பட்டை..."

"இருக்கு," என்று திரையைத் தட்டினார். "சுகர் மிஷின்?"

"இருக்கு. ஸ்ட்ரிப் தீர்ந்து பதினோரு நாள் ஆச்சு."

"மிஷின் இருக்கில்ல மேடம்?"

"இருக்கு."

"இதுல இருக்கு, இல்லைன்னு ரெண்டுதான். எழுத இடம் கிடையாது." அவர் குரலில் திமிர் இல்லை. முகத்தில் வெயில் களைப்பு. அன்று இன்னும் மூன்று நிலையங்கள் பாக்கி என்றார்.

"இன்சுலின் வைக்க என்ன வசதின்னு கேள்வி இருக்கா?" என்று கேட்டேன்.

விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "உங்க மாதிரி சின்ன நிலையத்துக்கு அது வராது."

பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். தீதி மூடியைத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பெண் குனிந்து வெப்பமானியைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், தீதியின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா நான் எங்கேயும் பார்க்கலை," என்றார். தீதியின் முகம் மலர்ந்தது. நான் உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நின்றேன். போகும்போது எங்கள் நிலையம் நல்ல நிலையில் தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எழுதிவைத்த தாள் என் பையிலேயே இருந்தது.

அவர்கள் போனதும் குப்பிகளை வெளியே எடுத்தேன். மேலே வெண்ணிறமாகப் பனி படிந்திருந்தது. விரலில் ஒட்டியது. துப்பட்டாவால் துடைத்து மேல்கூடையில் வைத்தேன். பனியைப் பார்த்தேனா என்று பின்னால் யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்த இருபது பேரை நோக்கிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு நடுவே காலா வந்தார். ஒரு குப்பியை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். "பானைத் துணியை ஈரமா வச்சுக்கோங்க," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஒரு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணம் தெரிந்தும் தெரியாதது போல இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து, போனைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தேன்.

"கால் தரையில பாவாம அலையுதியே, என்னளா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாதவ இப்படியா சோத்தப் பிசைஞ்சு பிசைஞ்சு வைப்பா?"

பத்தாம் நாள் வரையெல்லாம் காத்திருக்க வேண்டி வரவில்லை. எட்டாம் நாள் காலை காலாவின் மகள் ஓடி வந்தாள். "அம்மா ரெண்டு நாளா வாந்தி எடுக்கிறா. இன்னைக்கு எழுந்திருக்க மாட்டேங்கிறா."

வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு அவளோடு நடந்தேன். தீதி பின்னாலேயே வந்தார். காலா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது. கைப்பையிலிருந்து அம்மாவின் பழைய மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். எண் வரவில்லை. அளக்க முடியாத உயரம் என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வந்தது.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா காலா?"

"ரெண்டு வேளையும்," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "ஒரு வேளைகூட விடலை."

பானைக்குள் கைவிட்டு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பால் கலந்த தண்ணீர் போல ஒரே சீராக இருக்க வேண்டிய மருந்து. அதில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. கண்ணாடியின் உட்புறத்தில் பொடி ஒட்டியிருந்தது. உறைந்து உருகிய இன்சுலின். உள்ளே மருந்து செத்துப்போயிருந்தது. எட்டு நாளாக அவர் அதை வயிற்றில் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

தீதி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார். "அடியில வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு வேனை நிறுத்தி, நானும் மகளும் காலாவைத் தூக்கி ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் லாரிகள். மேம்பாலத்துக்குக் கீழே கால் மணி நேரம் நின்றுவிட்டோம். நான் இறங்கி ஓடி, முன்னால் நின்ற லாரிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், "ஊசியை நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். நோயாளிகள் எப்போதும் நிறுத்திவிடுகிறவர்கள்தானே என்ற தோரணை அவருக்கு. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"நிறுத்தலை," என்றேன். "நான் கொடுத்த இன்சுலின் உறைஞ்சுபோனது. தப்பு என்னுது. சீட்டுல அப்படியே எழுதுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினார்.

காலா ஆறு நாள் அங்கே இருந்தார். மூன்றாம் நாள்தான் தெளிவாகப் பேசினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். எங்கே வைத்தேன், எதற்காக வைத்தேன், பனியைப் பார்த்தது, பார்த்துவிட்டுப் போனது எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

 "அந்தத் துணுக்கை நான் முதல் நாளே பார்த்தேன் டாக்டர் தீதி," என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"குறை சொன்னா, இனிமே உங்க பொட்டியில வைக்க மாட்டீங்கன்னு பயம். அதான் நல்லா குலுக்கிக் குலுக்கிப் போட்டுக்கிட்டேன்."

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அந்த வராந்தாவை எத்தனை தடவை மேலும் கீழும் நடந்தேன் என்று தெரியாது.

அவர் வீட்டுக்கு வரும் நாள் நெருங்கியபோது குப்பிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி மறுபடி வந்தது. பெட்டியில் மிச்சமிருந்த உறைந்த குப்பியை எறிந்துவிட்டேன். இனி தடுப்பூசிப் பெட்டியை நான் தொடுவதாக இல்லை. அதற்கு வழி கண்டுபிடித்தவர் தீதி. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு மதியம் என்னைக் கையோடு சந்து முனையில் இருந்த மிட்டாய்க் கடைக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஃப்ரிட்ஜில் மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிர் மண்சட்டிகள் வரிசையாக இருந்தன.

"நடுத்தட்டுல ஒரு ஓரம் கொடுங்க," என்று கடைக்காரரிடம் சொன்னார். "மருந்துதான். நாத்தம் அடிக்காது."

கடைக்காரர் பெரியவர். பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "சுகர் மருந்தை வைக்க என் கடைதான் கிடைச்சுதா?"

"உங்களாலதானே பாதிப் பேருக்குச் சுகர். வச்சுக்கிட்டா பாவம் குறையும்," என்றார் தீதி.

இரண்டு நாள் நடுத்தட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காலாவின் குப்பிகளைப் போட்டு வைத்தோம். காலா அடிக்கடி மிட்டாய்க் கடையில் போய் நிற்பதைப் பார்த்து, இனிப்பு தின்னத்தான் போகிறாள் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அவர் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். விஷயம் தெரிந்து மற்றவர்களும் வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த டப்பாவில் ஒன்பது பேருடைய குப்பிகள் இருந்தன.

இதற்கிடையில் நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். எங்கள் நிலையம் தயாராக இல்லை என்றும், ஒரு சின்ன ஃப்ரிட்ஜும் தவறாமல் ஸ்ட்ரிப்பும் வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். அனுப்பும் முன் தீதியிடம் படித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியாதுன்னு எழுதாதீங்க," என்றார். "சாவியை நான்தான் மேசைமேல வச்சேன்." அந்த வரியை மட்டும் நான் சேர்க்கவில்லை. மேலிடத்தின் பதிலாக, தடுப்பூசி அல்லாத பொருளை உள்ளே வைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஓர் ஓலை வந்தது. விளக்கம் எழுதினேன். எச்சரிக்கை என் பதிவில் ஏறியது. இரண்டு மாதம் கழித்து ஸ்ட்ரிப்புகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. என் கடிதத்தால் வந்ததா, வர வேண்டிய முறையில் வந்ததா, தெரியாது. ஃப்ரிட்ஜ் வரவில்லை. வாரம் ஒரு தடவை போன் செய்து கேட்கிறேன். என் குரலைக் கேட்டதுமே அங்கே இருப்பவர், "இன்னும் இல்லை மேடம்," என்று சொல்லிவிடுகிறார்.

துர்கா பூஜைக்கு ஒரு வாரம் முன்பு மிட்டாய்க் கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். பண்டிகை ஐந்து நாளும் ஃப்ரிட்ஜில் விரல் வைக்க இடம் இருக்காது, கதவும் நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடுவார்கள், மருந்து கெட்டால் பழி தனக்கு வேண்டாம் என்றார். நியாயம்தான். என்ன செய்வது என்று நானும் தீதியும் முழித்துக்கொண்டு நின்றபோது, மருந்துக்காக வந்திருந்த காலா குறுக்கே பேசினார்.

"நாலு வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு. எல்லாரும் என் வாடிக்கைக்காரங்க. நான் பிரிச்சு வைக்கிறேன்."

"எந்த இடத்துல வைக்கணும்னு அவங்களுக்குச் சொல்லணும் காலா."

"எனக்கா சொல்லித் தரீங்க?" என்றார்.

வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் தன் கையாலேயே நடுத்தட்டில் வைத்து, ஐஸ் பெட்டியைக் காட்டி, இதன் பக்கம் போனால் மருந்து செத்துவிடும் என்று மருமகள்கள் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். நான் கூடவே வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பூஜை தொடங்கும் சஷ்டியன்று அம்மாவுக்குப் புடவை எடுக்கக் கரியாஹாட்டுக்குப் போயிருந்தேன். கடைசி நேரக் கூட்டம் நடைபாதை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது. எங்கோ பந்தலில் டாக் மேளம் அடித்தார்கள். அந்த மேளச் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை, பையில் அதிர்ந்ததில்தான் தெரிந்தது. மூன்று தடவை காலா கூப்பிட்டிருந்தார்.  ஒரு கடையின் படியில் ஏறி நின்று திரும்பக் கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சு காலா?"

"ஒண்ணும் ஆகலை. மூணாவது வீட்டுல காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. அங்க இருந்த ரெண்டையும் எடுத்து நாலாவது வீட்டுல வச்சுட்டேன். குப்பியைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

"நான் கிளம்பி வரட்டுமா?"

"எதுக்கு? பண்டிகை நாளும் அதுவுமா? நான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டார். அம்மா இரண்டு புடவைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எது நன்றாக இருக்கிறது என்று கூட்டத்துக்கு மேலாகக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பச்சையைக் காட்டினேன்.